பஞ்சு ஒட்டாத கன்னம்

அந்தத் தீயணைப்பு நிலையத்தில் தீயை அணைப்பதற்கு முன்பாக நிறைவேற்றவேண்டிய கடமைகள் பல இருந்தன. அவற்றுள் தலையாயது தாடியை மென்மையாக்குவது.

இடமாற்ற ஆணையோடு வந்து சேர்ந்த அன்று மூக்கருக்கு இது தெரியாது. மூக்கர் என்பது அவர் பெயரன்று; முகக்கவசத்தின் கண்ணாடிக்குள் அடங்க மறுத்த அவருடைய மூக்கைக் கண்டு, பயிற்சிக் காலத்தில் தோழர்கள் சூட்டிய பட்டம். புகை மண்டிய கட்டடத்துக்குள் முதலில் நுழைவது அவர் வேலை. காற்றுக்குடுவையை முதுகில் கட்டி, கவசத்தை முகத்தில் மாட்டிக்கொண்டு நுழையவேண்டும். கவசத்தின் ரப்பர் விளிம்பு கன்னத்தோடும் மோவாயோடும் ஒட்டி உட்காரவேண்டும்; இடையே நாலைந்து மயிர் நின்றாலும் அந்த வழியாகப் புகை உள்ளே வந்துவிடும். ஆகவே வேலையில் சேர்ந்த நாள்முதல், காலையில் எழுந்ததும் வெந்நீரில் முகத்தை நனைத்து, நுரை பூசி, மழித்துவிட்டு வருவதே அவர் வழக்கம். வீடு மாற்றும் அமளியில் சில நாள் அது தவறிப்போயிற்று. முகமெங்கும் முள்முள்ளாய் நின்ற தாடியோடுதான் புதிய நிலையத்தின் வாயிலுக்கு வந்தார்.

வாயிற்காவலர் அவருடைய பையைத் துழாவிச் சவரக்கத்தியை வெளியே எடுத்தார்.

"இது என்னத்துக்கு?"

"சவரம் பண்ணத்தான்."

"உள்ள கொண்டுபோகக் கூடாது. வீட்லயும் வச்சிருக்கக் கூடாது. சவரம் வேணும்னா பிரிவுக்குப் போங்க."

"எந்தப் பிரிவுங்க?"

காவலர் தம் தாடியை நீவினார். அது சட்டையின் இரண்டாம் பொத்தானைத் தொட்டுக்கொண்டிருந்தது. "போனாத் தெரியும்," என்றார், மருத்துவமனைக்கு வழி சொல்பவரின் குரலில்.

மழிப்புமுன் மென்மைப் பிரிவு தோன்றிய வரலாறு சுருக்கமானது. முன்னொரு காலத்தில் நிலையத்தின் தலைவராக இருந்தவர், ஆண்டு அணிவகுப்பன்று காலையில் நேரங்கழித்து எழுந்து, அவசர அவசரமாக மழித்து, மோவாயைக் கிழித்துக்கொண்டார். காயத்தின்மேல் செய்தித்தாள் துண்டை ஒட்டியபடியே மேடையேறினார். புகைப்படத்திலும் அந்தத் துண்டு விழுந்துவிட்டது. விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் நேரங்கழித்து எழுந்ததைக் குழு விசாரிக்கவில்லை. அவருடைய பிளேடு துருப்பிடித்திருந்ததையும் விசாரிக்கவில்லை. குற்றம் முழுவதும் ரோமத்தினுடையதே என்று முடிவு செய்தது. ரோமம் போதிய அளவு மென்மையாக்கப்படாத நிலையில் கத்தியை எதிர்கொண்டதால்தான் விபரீதம் நேர்ந்தது. எனவே, இனி எந்த ஊழியரும் வீட்டில் மழித்துக்கொள்ளக் கூடாது; ரோமத்தைப் பிரிவு மென்மையாக்கி, மென்மையானதென்று சான்று வழங்கிய பின்னரே மழிக்கலாம்.

பிரிவுக்கு நிலையத்தின் இரண்டாம் தளம் முழுவதும் ஒதுக்கப்பட்டது. அதுவரை அங்கே வைத்திருந்த ஏணிகள் மழையில் நனையும்படி முற்றத்துக்கு இறக்கப்பட்டன.

மூக்கர் மாடியேறியபோது, புதிதாக வந்தவர்களுக்கான அறிமுக உரை தொடங்கவிருந்தது. புதிதாக வந்தவர் அவர் ஒருவரே. ஆயினும் நாற்காலிகள் நிறைந்திருந்தன; பிரிவின் ஊழியர் அனைவரும் தாடியை மடியில் கிடத்திக்கொண்டு அமர்ந்திருந்தனர். பிரிவின் இயக்குநர் எழுந்தார். அவருடைய தாடி மேசைக்குக் கீழே எங்கோ சென்று முடிந்தது.

"நண்பர்களே, மழிக்கிறது ஒரு பெரிய விஷயமில்ல. கத்தியை எடுத்தா எவனும் மழிச்சிடுவான். அதுக்கு முன்னாடி இருக்கு பாருங்க, அந்தப் பதம், அதுதான் நாகரிகம். இந்தப் பிரிவு தொடங்கின நாள்லேர்ந்து இன்னைக்கு வரைக்கும், இந்தக் கட்டடத்துல ஒருத்தருக்காவது சவரத்துல காயம் பட்டிருக்கா? சொல்லுங்க பார்ப்போம்."

இயக்குநர் அவையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஒரு கீறல்? ஒரு சொட்டு ரத்தம்? கிடையாது. உலகத்துல வேற எந்த நிலையமும் இப்படி மார்தட்ட முடியாது."

கைதட்டல் எழுந்தது. மூக்கரும் தட்டினார். தட்டிக்கொண்டே அடுத்த நாற்காலியைப் பார்த்தவர் திடுக்கிட்டார். தாடிக்கும் புருவத்துக்கும் நடுவே அவருக்குத் தெரிந்த இரண்டு கண்கள் இருந்தன. பயிற்சிக் காலத்தில் அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த தோழர். எந்த உயரத்துக்கும் ஏணியில்லாமலே ஏறிவிடுவார் என்பதால் எல்லாராலும் ஏணி என்று அழைக்கப்பட்டவர்.

"டேய் ஏணி, நீயாடா?"

"மெதுவாப் பேசுடா. நான் இப்போ நுரை உதவியாளர், இரண்டாம் நிலை."

"நீ எப்படிடா இங்க?"

"நீ எப்படி வரப்போறியோ அப்படித்தான்," என்று ஏணி காதோடு காதாக விளக்கினார். "வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்துலேர்ந்து கவசம் சரிபார்க்க ஒரு அம்மா வரும். மூஞ்சில கவசம் ஒட்டலைன்னா நீ புகைக்குள்ள போக லாயக்கில்ல. லாயக்கில்லாதவனை எங்க போடுவாங்க? இங்கதான். இந்த அறையில உட்கார்ந்திருக்கிற எல்லாருமே ஒரு காலத்துல நெருப்புக்குள்ள போனவனுங்கதான்டா."

"அப்போ வெள்ளிக்குள்ள சவரம் பண்ணிக்கிட்டாப் போச்சு."

ஏணி அவரை அன்போடு பார்த்தார். "பண்ணிக்கோ. எதுக்கும் என் பக்கத்துலயே உனக்கு நாற்காலி போடச் சொல்லி வைக்கிறேன்."

மறுநாள் மூக்கர் மென்மையாக்கலுக்கு வந்தார்.

முதல் அறை ஈரமாக்கல். அங்கிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே ஒரு குவளைத் தண்ணீரை முகத்தில் வீசினார். தண்ணீர் மூக்கில் பட்டுத் தெறித்ததேயன்றி ஒரு மயிரையும் நனைக்கவில்லை. "அடுத்த அறை," என்றார் அவர்.

இரண்டாம் அறையில் வெந்நீர்த் துவாலை. அடுப்பும் பாத்திரமும் அந்த அறையிலேயே இருந்தன. ஆயினும் துவாலையின் சூட்டுக்குக் கீழ்த்தளத்து மேலாளர் ஒப்புதல் தரவேண்டியிருந்தது. ஆவி பறக்கும் துவாலையை ஒருவர் தட்டில் ஏந்திக் கீழே சென்றார். மேலாளர் கூட்டத்தில் இருந்தார். கூட்டம் முடிந்து, அவர் தொட்டுப் பார்த்து, தலையசைத்து, துவாலை மேலே திரும்பி வந்தபோது, அது நனைந்த தவளையைப்போல் குளிர்ந்து கிடந்தது. அதை மூக்கரின் கன்னத்தில் பக்தியோடு ஒற்றினார்கள்.

"சில்லுனு இருக்குங்க."

"சூடுன்னு ஒப்புதல் ஆயிடுச்சு," என்றார் துவாலைக்காரர்.

மூன்றாம் அறையில் நுரை. பிரஷை வலஞ்சுழியாகச் சுழற்றுவதா இடஞ்சுழியாகச் சுழற்றுவதா என்பதில் அங்கே இரண்டு கட்சிகள் இருந்தன. அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. சண்டை வராமலிருக்க, ஒரு கன்னத்தை ஒரு கட்சிக்கும் மறு கன்னத்தை மறு கட்சிக்கும் இயக்குநர் பிரித்துக் கொடுத்திருந்தார். மோவாய் யாருக்கு என்பது வழக்கில் இருந்ததால் அங்கே யாரும் நுரை பூசுவதில்லை. ஏணி வலஞ்சுழிக் கட்சி. "கொஞ்சம் மோவாய்லயும் போடேன்டா," என்று மூக்கர் கெஞ்சியபோது, "என் வேலைக்கு உலை வைக்காதடா," என்று பிரஷைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

அப்பொழுதுதான் அபாய மணி அடித்தது.

தெருக்கோடியில் ஒரு துணிக்கிடங்கு புகைந்துகொண்டிருந்தது. மூக்கரின் கால்கள் அவரைக் கேளாமலே கதவு வரை ஓடிவிட்டன. கதவருகே ஒரு கை அவர் தோளைப் பற்றியது. மென்மையைச் சோதிக்கும் பத அலுவலரின் கை அது.

"எங்க போறீங்க?"

"மணி அடிக்குதுங்களே."

"அடிக்கட்டும். மூஞ்சில இருக்கிற நுரை பிரிவோட உடைமை. அதை எடுத்துக்கிட்டு வெளியே போறது திருட்டு."

"அப்போ தொடைச்சிட்டுப் போறேன்."

"தொடைச்சா உடைமையை அழிச்சதாகும்."

மூக்கர் சன்னலோரம் நின்று பார்த்தார். வண்டி போனது. கிடங்கின் வாசலில் தாடிக்காரர்கள் வரிசையாக நின்று வெளியிலிருந்தே தண்ணீர் பீய்ச்சினார்கள். எவரும் உள்ளே போகவில்லை. போகவும் முடியாது, எவர் முகத்திலும் கவசம் உட்காராது. சற்று நேரங்கழித்து, உள்ளே அகப்பட்டிருந்த கிடங்குக்காரர் நான்கு காலில் தவழ்ந்தபடி தாமாகவே வெளியே வந்தார். குழாயைப் பிடித்திருந்தவரிடம் ஏதோ கேட்டார். என்ன கேட்டாரென்று பிறகு தெரிந்தது: "நீங்கள்லாம் எப்போ வந்தீங்க?"

மூக்கரின் கன்னத்தில் நுரை காய்ந்து சுண்ணாம்புபோல் வெடித்தது. அந்த நிலையில்தான் அவரை நான்காம் அறைக்கு அழைத்துச் சென்றார்கள்.

நான்காம் அறையில் பதப் பரிசோதனை. பத அலுவலர் கண்களை இறுக மூடிக்கொண்டு முதலில் நுரையை வழித்தெடுத்தார்; நுரையிருந்தால் ரோமத்தின் மென்மை தெரியாதாம். பிறகு ஈரத்தைத் துவாலையால் ஒற்றினார். ஈரமிருந்தால் விரல் வழுக்குமாம். பிறகு மின்விசிறியைத் திருப்பி முகத்தை நன்றாக உலர்த்தினார். இவ்வாறு, செய்தவை யாவற்றையும் செய்யாதவையாக்கிய பின்னும் கண்களைத் திறக்கவில்லை.

"கண்ணை ஏன் மூடுறீங்க?" என்றார் மூக்கர்.

"பார்த்தா மனசுல ஒரு சாய்வு வந்துடும். தொடுகை மட்டும்தான் நேர்மையானது." மூடிய கண்ணோடு சிட்டிகைப் பஞ்சை எடுத்து, மூக்கரின் கன்னத்தில் மேலிருந்து கீழாக இழுத்தார். பஞ்சு முள்வேலியில் மாட்டிய துணிபோல் இழை இழையாகத் தொங்கியது.

"ஒட்டுது. பதம் போதல."

"தாடின்னா பஞ்சு ஒட்டத்தானே செய்யும்?"

"அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க," என்றார் பத அலுவலர். "பத்தொன்பது வருஷமா என்னோட கன்னத்துல நானே தினம் பஞ்சு இழுத்துப் பார்க்கிறேன். ஒருநாள்கூட ஒட்டாம இருந்ததில்ல. அதுக்காகச் சோதனையைக் குறை சொல்லலாமா? ரோமத்துக்கு ஒழுக்கம் போதல. நாளைக்கு முதல் அறையிலேர்ந்து மறுபடி வாங்க."

வியாழக்கிழமையும் பஞ்சு ஒட்டியது.

அன்று மாலை மூக்கர் வீட்டுக்கு வந்தபோது அவர் மனைவி பிரிக்காத பெட்டிகளின் நடுவே பாத்திரங்களைத் தேடிக்கொண்டிருந்தார். கணவரின் முகத்தில் அங்கங்கே தொங்கிய பஞ்சைக் கண்டார்.

"என்னங்க இது, தலையணையைக் கடிச்சிட்டு வந்தீங்களா?"

மூக்கர் நடந்தவற்றைச் சொன்னார். மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஊற வைக்கிறாங்க. அப்புறம் தொடைச்சுக் காய வைக்கிறாங்க. காய்ஞ்சதும் தொட்டுப் பார்த்து, ஊறலைன்னு சொல்றாங்க. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"மாடியில எத்தனை பேருக்குச் சம்பளம்?"

"மாடி பூரா."

மனைவி சிரிக்கத் தொடங்கியவர், அவருடைய முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "சரி விடுங்க. நாளைக்குக் கவசம் ஒட்டலைன்னா என்ன, மாடியிலதானே போடுவாங்க. நீங்க வீடு திரும்புற வரைக்கும் நானும் வாசலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். எனக்கு அது ஒண்ணும் நஷ்டமில்ல."

அதில் நியாயம் இருந்தது. மூக்கர் கன்னத்தில் தொங்கிய பஞ்சை ஒவ்வோர் இழையாகப் பிடுங்கினார். பிறகு, "அந்தக் கிடங்குக்காரர் தவழ்ந்து வந்தாரு. நான் சன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டு இருந்தேன், மூஞ்சில நுரையோட," என்றார். "அவரு வராமப் போயிருந்தாலும் அப்படியே நின்னுதான் பார்த்திருப்பேன். எனக்கு வேற வேலை தெரியாதும்மா."

மனைவி மறுபடியும் பெட்டிகளைக் குடைந்தார். சற்றுப் பொறுத்து, தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "முனைக் கடையில பிளேடு விக்குது. போய் வாங்கிட்டு வாங்க. காலையில நான் தண்ணி காய வைக்கிறேன்."

வெள்ளிக்கிழமை காலை, சமையலறைத் தொட்டியருகே, பொறுக்கும் சூட்டில் துவாலையை நனைத்துப் பிழிந்து, கணவரின் முகத்தில் சுற்றிவிட்டார் மனைவி. துவாலைக்குள்ளிருந்து மூக்கு மட்டும் எட்டிப் பார்த்தது. "அசையாதீங்க. குடத்துக்குத் துணி கட்டின மாதிரி அழகா இருக்கு," என்றார். பிறகு நுரை, மோவாயிலும் நுரை. மயிர் படிந்திருந்த திசையிலேயே பிளேடு ஓசையின்றி இறங்கியது. வேலை முடிந்ததும் மனைவி தம் புறங்கையால் அவர் கன்னத்தை ஒருமுறை தடவிப் பார்த்து, "போங்க," என்றார்.

குற்றவாளியின் நெஞ்சத்தோடு மூக்கர் நிலையத்துக்கு வந்தார். கழுத்துத்துணியைக் கண்வரை சுற்றியிருந்தார். வாயிற்காவலர், "சளியா?" என்றார். மூக்கர் இருமினார்.

மாடிக்கு வந்ததும் துணியை அவிழ்த்தார். முதல் அறைக்காரர் வழக்கம்போல் தலை நிமிராமல் தண்ணீரை வீசினார். ஒப்புதல் பெற்ற குளிர்ந்த துவாலை வந்தது. துவாலைக்காரர் அதை வைத்தபோது ஏதோ குறைவதுபோல் ஒரு கணம் தயங்கினார். ஆனால் குறைவதைக் கவனிப்பது அவர் பணியில் அடங்காது. மூன்றாம் அறையில் ஏணி பிரஷைக் கன்னத்தில் வைத்தவுடன் நிறுத்திவிட்டார். பிரஷ் வழுக்கிச் சென்றிருந்தது.

"அடப்பாவி," என்று முணுமுணுத்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, முகம் முழுவதையும் நுரையால் மூடினார். பல்லாண்டுகளாக வழக்கில் இருந்த மோவாயையும் சேர்த்து மூடினார். "சீக்கிரம் போ," என்றார்.

நான்காம் அறையில் பத அலுவலர் கண்ணை மூடிக்கொண்டே நுரையை வழித்தார், ஈரத்தை ஒற்றினார், விசிறியைத் திருப்பினார். பஞ்சை எடுத்து இழுத்தார். பஞ்சு முழுதாக அவர் விரலிலேயே திரும்பி வந்தது. மீண்டும் இழுத்தார், மறு கன்னத்திலும் இழுத்தார், எதிர்த் திசையிலும் இழுத்தார். மூடியிருந்த கண்களிலிருந்து நீர் வழிந்தது.

"ஒட்டல," என்றார் மெல்லிய குரலில். "பதம் வந்துடுச்சு."

செய்தி மாடியெங்கும் பரவியது. நாற்காலிகள் நகர்ந்தன. கண்ணைத் திறந்து பார்த்துவிட்டால் சோதனை செல்லாததாகிவிடும் என்ற அச்சத்தால், சான்றில் கையொப்பமிடும்வரை பத அலுவலர் கண்ணைத் திறக்கவே இல்லை. கையொப்பம் பாதி மேசைமேல் விழுந்தது. உடனே புதிதாக நுரை பூசி, ஊர்வலமாக மூக்கரை ஐந்தாம் அறைக்கு அழைத்துச் சென்றார்கள்.

ஐந்தாம் அறைதான் மழிப்பறை. அதன் பூட்டைத் திறக்கச் சாவி கிடைக்காமல் உடைத்தார்கள். உள்ளே நாற்காலியின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. பிரிவு தொடங்கிய நாளிலேயே நியமிக்கப்பட்டு, கீழ்த்தளத்தில் தூங்கியே காலங்கழித்த சவரக்காரரை எழுப்பிக் கொண்டுவந்தார்கள். அவர் கத்தியைக் கன்னத்தில் வைத்தவுடன் புரிந்துகொண்டார். குனிந்து, "அண்ணே, இதுல ஒண்ணுமே இல்லையேண்ணே," என்றார்.

"தெரியும். சும்மா இழுங்க."

"நானும் குடும்பஸ்தன். சொல்லிட மாட்டீங்களே?"

"நீங்க சொல்லாம இருந்தாச் சரி."

சவரக்காரர் நிமிர்ந்தார். கத்தியின் முதுகால் நுரையை வழித்தார். ஒவ்வோர் இழுப்புக்கும் மாடி முழுவதும் மூச்சை அடக்கி, பிறகு விட்டது. ஒரு சொட்டு ரத்தமும் வரவில்லை. துவாலையை உதறியபோது எழுந்த கைதட்டலில் முற்றத்து ஏணிகளில் உட்கார்ந்திருந்த காக்கைகள் பறந்தன.

கவசம் சரிபார்க்க வந்த அம்மையார் அந்த ஆரவாரத்தைப் பொருட்படுத்தவில்லை. மூக்கருக்குக் கவசத்தை மாட்டி, விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டி, காற்று கசிகிறதா என்று கருவியில் பார்த்தார். "சரி. இவரு போகலாம். அடுத்தது யாரு?" என்றார். அடுத்ததாக ஒருவரும் இல்லை.

அன்று பிற்பகல் வெற்றி விழா நடந்தது. இயக்குநர் முழங்கினார்: "இந்த முகத்தை நல்லாப் பாருங்க. இது ஒரு தனிமனுஷனோட முகமில்ல. இந்தப் பிரிவோட முகம். பத்தொன்பது வருஷத்துல ஒண்ணுதானான்னு சிலபேர் கேட்பாங்க. அவங்களுக்குச் சொல்றேன்: அவசரப்பட்டிருந்தா இந்த ஒண்ணும் கிடைச்சிருக்காது. இந்த முறையை எல்லா நிலையத்துக்கும் கொண்டுபோக மூன்றாம் தளமும் வேணும்னு கேட்டு எழுதப்போறேன்."

விழா முடிந்ததும், மூக்கரைத் தம் அறைக்கு வருமாறு இயக்குநர் சொல்லியனுப்பினார். மூக்கர் சென்றார். கவசத்தை இன்னும் கையிலேயே வைத்திருந்தார். இயக்குநர் எழுந்து வந்து கதவைத் தாழிட்டார். சன்னல் திரையையும் இழுத்துவிட்டார். பிறகு, மூடிய கண்ணோடு அன்று, நன்றாகத் திறந்த கண்ணோடு மூக்கரின் கன்னத்தை அருகில் வந்து பார்த்தார். காதுமடலுக்குக் கீழே ஒரு சிறு கோட்டில் நுரை காய்ந்திருந்தது. அதனடியில், காலையில் பிளேடு லேசாகப் பட்ட ஓர் இளஞ்சிவப்புத் தடம்.

"இது மழிப்பறையில வந்ததில்ல," என்றார் இயக்குநர். "இது பழசு. காலையில பட்டது."

கவசத்தின் வார் மூக்கரின் கைக்குள் நசுங்கியது.

"வீட்லயே பண்ணிட்டு வந்துட்டே. இல்ல?"

"ஆமாங்க ஐயா," என்றார். சொன்னவுடன், கவசத்தை மெதுவாக மேசைமேல் வைத்தார். நாற்காலி ஏணிக்குப் பக்கத்தில்தான் போட்டிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டார்.

இயக்குநர் கவசத்தைப் பார்க்கவில்லை. தரையில் இழுபட்டுக் கிடந்த தம் தாடியின் நுனியைத் தேடி எடுத்து, அதை விரலில் சுற்றியும் அவிழ்த்தும் கொண்டிருந்தார். கதவு தாழிட்டிருக்கிறதா என்று மீண்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவர் பேசியபோது, மேடையில் கேட்ட குரலில் பாதிகூட இல்லை.

"வலிச்சுதா?"